வண்டி ஏன் நின்றது என்று பாருங்கள்: ஃபோர் வீல் டிரைவ் வாங்குமுன் ஒரு மழைக்கால அனுபவம்

நான் கால்நடை மருத்துவர். தார்ச்சாலை முடியும் இடத்தில்தான் என் வேலை பெரும்பாலும் தொடங்கும். கன்று போடத் திணறும் மாட்டுக்கு மழை விடும்வரை காத்திருக்க நேரமில்லை. அதனால் புதிதாக ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கலாம் என்று பேச்செடுத்தபோது, வீட்டில் யாரும் அதை ஆடம்பரம் என்று சொல்லவில்லை. ஆனாலும் அது சின்னத் தொகை இல்லை. ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்த பிறகுதான் முடிவெடுத்தேன். அந்த மாதங்களில் தெரிந்துகொண்டதை, இதே யோசனையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

தொடக்கம் என் மெக்கானிக் சொன்ன ஒரு பேச்சு. எந்த மாடல் வாங்கலாம் என்று கேட்கத்தான் அவரிடம் போனேன். அவர் மாடலைப் பற்றிப் பேசவே இல்லை. "தம்பி, வண்டி எங்க நிக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஏன் நிக்குதுன்னு இறங்கிப் பாக்குறவங்க ரொம்பக் கம்மி. நீங்க அதை எழுதிட்டு வாங்க, அப்புறம் எந்த வண்டின்னு பேசலாம்" என்றார்.

அப்போது என்னிடம் இருந்தது முன் சக்கர இயக்கம் கொண்ட சாதாரண கார். அது நின்ற இடம், நான் திருப்பிக்கொண்டு வந்த இடம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்த இடம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறிக்க ஆரம்பித்தேன். பக்கத்திலேயே காரணம்: பிடிமானம் இல்லாமல் சக்கரம் சுழன்றதா, அடிப்பகுதி மண்ணில் உட்கார்ந்ததா, ஏற்றத்தில் இழுக்கத் திணறியதா, இறக்கத்தில் வேகத்தைப் பிடிக்க முடியாமல் போனதா, தண்ணீர் குறுக்கே வந்ததா. இந்த ஐந்துக்கும் மருந்து வேறு வேறு. ஃபோர் வீல் டிரைவ் முதல் காரணத்தில் பெரிய அளவுக்கு உதவும். மற்றவற்றில் அது மட்டும் போதாது.

சில வாரங்களில் ஒன்று தெளிவானது. பாதிக்கும் மேற்பட்ட இடங்களில் காரணம் டயர்தான். சாலைக்கென்று செய்த டயரின் பள்ளங்கள் மெல்லியவை. ஈரக் களிமண்ணில் சில சுற்று சுழன்றதும் பள்ளம் முழுக்க மண் அடைத்துக்கொள்ளும். அப்புறம் அது வழுக்கைத் தலைதான். நான்கு சக்கரமும் இயங்கினால் நான்கும் வழுக்கும். அந்தக் காருக்குப் பொருந்தும் அளவில், பள்ளம் அகன்ற டயர்களை வாங்கி மாட்டினேன். நோட்டில் இருந்த பல இடங்கள் அத்தோடு தீர்ந்துவிட்டன. இந்த மாற்றத்துக்கு ஆன செலவு ஒரு புது வண்டியின் விலையில் மிகச் சிறு துளி. அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: புது வண்டிக்குக் கையெழுத்துப் போடுமுன் இப்போதைய வண்டிக்கு நல்ல டயர் போட்டு ஒரு மழைக்காலம் ஓட்டிப் பாருங்கள்.

டயரோடு சேர்ந்தது காற்றழுத்தம். மணலில் 18 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்றை இறக்கினால் டயர் நீளவாக்கில் பரந்து மண்ணைத் தொடும், எடை பரவும், சக்கரம் புதையாமல் மேலே மிதக்கும். அழுத்தம் குறைந்த டயரோடு வேகமாகப் போகக் கூடாது, சட்டென்று திருப்பவும் கூடாது. டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். சாலைக்குத் திரும்பியதும் காற்றை நிரப்பியே ஆக வேண்டும். ஆகவே அழுத்தம் பார்க்கும் ஒரு கேஜும், வண்டி பேட்டரியில் ஓடும் சிறிய கம்ப்ரசரும் கையில் இருக்க வேண்டும். கேட்டால் சாதாரணமாகத் தெரியும். மாட்டிக்கொண்ட வண்டியைக் கிளப்பியதில் வேறெந்தக் கருவியையும்விட இவை இரண்டும்தான் எனக்கு அதிகம் கைகொடுத்தன.

நோட்டில் மிச்சம் இருந்தவை மூன்று வகை: நடுவில் மேடு தட்டிய பாறைப் பாதை, ஒரு செங்குத்துச் சரிவு, பாலமில்லாத ஓடை.

பாறைப் பாதையில் பிரச்சினை உயரம். விளம்பரத்தில் கிரவுண்ட் கிளியரன்ஸ் என்ற ஒரே எண்ணைத்தான் பெரிதாகப் போடுவார்கள். எனக்கு அதைவிட உதவியவை மூன்று கோணங்கள்: முன் பம்பர் இடிக்காமல் ஏறும் கோணம், பின் பம்பர் இடிக்காமல் இறங்கும் கோணம், நடு வயிறு மேட்டில் உட்காராமல் கடக்கும் கோணம். சுசுகி ஜிம்னியை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-இல் வந்த மூன்று கதவு வண்டிக்கும் 2023-இல் வந்த ஐந்து கதவு வண்டிக்கும் கிரவுண்ட் கிளியரன்ஸ் ஒன்றேதான், 210 மி.மீ. ஆனால் இரண்டு அச்சுகளுக்கு இடையிலான தூரம் 2,250 மி.மீட்டரிலிருந்து 2,590 ஆகிவிட்டது. நடு வயிற்றுக் கோணம் 28 டிகிரியிலிருந்து 24 ஆகக் குறைந்தது. அந்தக் கூடுதல் நீளம் பின்சீட்டிலும் பொருள் வைக்கும் இடத்திலும் பயன்படும், மேட்டில் இடைஞ்சல். உங்கள் பாதையில் இருப்பது மேடா, அல்லது பின்சீட்டில் தினமும் ஆள் உட்காருவார்களா என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது.

செங்குத்துச் சரிவுதான் என் முடிவைத் தீர்மானித்தது. அதை ஏறிவிடலாம், வறண்ட நாளில் கார்கூட வேகம் எடுத்து ஏறிவிடும். அந்த "வேகம் எடுத்து" என்பதில்தான் ஆபத்து. கல்லும் குழியும் உள்ள ஏற்றத்தில் வேகம் எடுத்தால் வண்டி குதிக்கும், குதிக்கும் சக்கரத்துக்குப் பிடி இல்லை, சஸ்பென்ஷனும் போகும். மெதுவாக ஏறப் பார்த்தால் என்ஜின் அணைந்துவிடும், அல்லது கிளட்ச் கருகும். இதற்குத்தான் லோ ரேஞ்ச். டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற இரண்டாவது கியர் பெட்டி, சக்கரத்தின் வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைப் பெருக்கும். ஜிம்னியில் லோ ரேஞ்ச் போட்டால் வழக்கமான ஓட்டத்துக்குரிய ஹை ரேஞ்சைவிட வேகம் பாதியாகும், விசை இரு மடங்காகும். ஜீப் ரேங்ளர் ரூபிகானில் அது நான்கு மடங்கு. ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமலேகூட வண்டி ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்து ஏறும்.

இறக்கத்தில் இதன் அருமை இன்னும் கூடுதலாகத் தெரியும். ஈரச் சரிவில் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி அப்படியே சறுக்கும், ஸ்டியரிங் கேட்காது. லோ ரேஞ்ச் முதல் கியரில் இறங்கினால் என்ஜினே நான்கு சக்கரத்தையும் ஒரே சீராகப் பிடித்துக்கொள்ளும். முதல் தடவை ஒரு பயிற்சிப் பாதையில், பிரேக்கிலிருந்து காலை எடுக்கச் சொன்ன பயிற்சியாளரின் பேச்சைக் கேட்டுக் காலை எடுத்தபோது உடம்பு முழுக்க எதிர்த்தது. வண்டி நிதானமாக இறங்கியது. அந்த ஒரு இறக்கத்தில்தான், இது எனக்கு வேண்டும் என்று உறுதியானேன்.

கடையில் இங்கேதான் குழப்புவார்கள். ஆல் வீல் டிரைவ் என்று விற்கப்படும் பல வண்டிகளில் லோ ரேஞ்ச் கிடையாது. மழையிலும் பனியிலும் சாலையில் உறுதியாக ஓட அவை மிக நல்லவை. 1980-இல் ஆடி குவாட்ரோ வந்தபோது காட்டியதே அதைத்தான்: நான்கு சக்கர இயக்கம் வேகச் சாலைக்கும் உரியது. உங்கள் நோட்டில் ஈரச் சாலையும் புல்தரையும் மட்டும் இருந்தால் அப்படிப்பட்ட வண்டியே பொருத்தம். எடை குறைவு, எரிபொருள் செலவும் குறைவு. செங்குத்துச் சரிவும் பாறையும் இருந்தால், லோ ரேஞ்ச் இருக்கிறதா என்று ஒற்றைக் கேள்வியாகக் கேளுங்கள். லேடர் சேஸிஸ், அதாவது உடற்பகுதியைத் தாங்கும் ஏணி போன்ற தனி இரும்புச் சட்டம், இருந்தால்தான் அசல் ஆஃப்ரோடு வண்டி என்று பலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. 1977 முதல் வரும் லாடா நிவாவுக்குத் தனிச் சேஸிஸ் இல்லை. நிரந்தர நான்கு சக்கர இயக்கம், லோ ரேஞ்ச், பூட்டக்கூடிய நடு டிஃபரன்ஷியல் மூன்றும் உண்டு. சேற்றில் அது போகும் இடத்துக்குப் பல பெரிய வண்டிகள் போகாது.

டிஃபரன்ஷியலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஃபோர் வீல் டிரைவ் என்று எழுதியிருக்கும் வண்டியும் சில இடங்களில் அசையாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். அதற்கு இடம் கொடுப்பது டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு விசையைத்தான் தரும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதைச் சுழற்ற விசையே தேவையில்லை. மண்ணில் ஊன்றி நிற்கும் எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கும் அதே அளவுதான் போகும், அதாவது ஒன்றுமில்லை. முன்னால் இடப்பக்கமும் பின்னால் வலப்பக்கமும் குழிக்கு மேல் அந்தரத்தில் தொங்கி மற்ற இரண்டு மட்டும் மண்ணில் ஊன்றி நின்றால், நான்கு சக்கரமும் இயங்கும் வண்டி இரண்டு சக்கரத்தைச் சும்மா சுழற்றிக்கொண்டு நிற்கும்.

இதற்குத் தீர்வு இரண்டு. ஒன்று, சும்மா சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து, எதிர்ப்பக்கத்துக்கு விசை கிடைக்கச் செய்யும் டிராக்ஷன் கண்ட்ரோல். இன்னொன்று, இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் டிஃபரன்ஷியல் லாக். ஒரே குழிப் பாதையில் இரண்டு வகை வண்டியிலும் ஓட்டிப் பார்த்தேன். டிராக்ஷன் கண்ட்ரோல் வேலை செய்ய ஒரு கணம் எடுத்துக்கொள்ளும்; சக்கரம் சுழலும், அடியிலிருந்து கடகடவென்று சத்தம் வரும். பயந்து ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் அவ்வளவுதான். காலைச் சீராக வைத்திருந்தால் வண்டி தாண்டிவிடும். பின் சக்கரங்களுக்கு லாக் உள்ள வண்டியில் இந்தப் போராட்டமே இல்லை. சக்கரம் சுழலாமலே ஏறியது. எப்போதாவது ஒருமுறை காட்டுப் பாதைக்குப் போகிறவருக்கு டிராக்ஷன் கண்ட்ரோல் போதும் என்பதே என் கணிப்பு. நானோ அடிக்கடி தனியாகப் போகிறவன், இழுத்துவிட இன்னொரு வண்டி இருக்காது. அதனால் லாக் உள்ளதையே தேடினேன்.

இப்போது வரும் மின்சார வண்டிகளில் இந்தக் கணக்கே மாறுகிறது. 2024-இல் வந்த மெர்சிடிஸ் ஜி 580-இல் சக்கரத்துக்கு ஒரு மோட்டார், ஒவ்வொன்றுக்கும் தனி லோ ரேஞ்ச் கியர். என் வேலைத் தடங்களில் சார்ஜ் செய்ய வழியில்லை, அதனால் அந்தப் பக்கம் நான் போகவில்லை.

ஓடையைப் பொறுத்தவரை, எந்த வண்டியும் அதைத் தீர்க்காது என்ற முடிவுக்கு வந்தேன். நிறுவனங்கள் நீரில் இறங்கும் ஆழம் என்று ஒரு அளவு தருவார்கள். 2020-இல் வந்த மஹிந்திரா தாருக்கு 650 மி.மீ.; ஏர் சஸ்பென்ஷன் உள்ள இன்றைய லேண்ட் ரோவர் டிஃபெண்டருக்கு 900 மி.மீ. இவை தேங்கிய நீரில் மெதுவாகப் போவதற்கான அளவுகள். ஓடும் நீர் வேறு. ஏறத்தாழ இரண்டு அடி வேகநீர் போதும், எஸ்யூவி உட்படப் பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போய்விடும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னது இங்கே அட்சரம் பிசகாமல் உண்மை. நடந்து கடக்க முடியாத நீரில் வண்டியை இறக்கக் கூடாது. தேங்கிய நீராக இருந்தாலும், நீண்ட ஓட்டத்தில் சூடான ஆக்சில் குளிர்நீரில் சட்டென்று இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும்; சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அதைத் தடுக்கும் பிரீதர் குழாய் எவ்வளவு உயரத்தில் முடிகிறது என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவர் கீழே படுத்துப் பார்த்துச் சொன்னார். அப்படிச் சொல்லத் தயங்காத கடை எனக்குப் பிடித்திருந்தது.

வருடத்தின் பெரும்பாலான நாட்கள் வண்டி சாலையில்தான் ஓடும் என்பதையும் பார்க்க வேண்டும். டெஸ்ட் டிரைவுக்கு வீட்டு ஆட்கள் எல்லோரையும் அழைத்துப் போனேன். வயதானவர்கள் ஏறி இறங்கும் உயரம், பின்சீட்டில் வேகத்தடை தாண்டும்போது வரும் குலுக்கல், நெடுஞ்சாலையில் காற்றிரைச்சல் இவையெல்லாம் ஓட்டுபவருக்குத் தெரியாது. சதுரமான உருவம், எடை, பெரிய டயர் மூன்றும் சேர்ந்து எரிபொருளைக் குடிக்கும். பிரேக் விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது: ஃபோர் வீல் டிரைவ் வண்டி சீக்கிரம் நிற்கும் என்று. நிற்காது. கிளம்பவும் ஏறவும் அது உதவும்; நிறுத்துவது டயரும் பிரேக்கும்தான். உயரமான வண்டி வளைவில் எளிதில் கவிழும் என்பதால் மேலே கேரியரில் எடை ஏற்றுவதை நான் முற்றிலும் தவிர்த்துவிட்டேன்.

பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ், அதாவது தேவைப்படும்போது மட்டும் லீவர் போட்டு நான்கு சக்கரத்தையும் இயக்கும் வகை என்றால், காய்ந்த தார்ச்சாலையில் 4H (நான்கு சக்கரமும் ஹை ரேஞ்சில் இயங்கும் நிலை) போட்டு ஓட்டக் கூடாது. வளைவில் முன் சக்கரங்கள் பின்னவற்றைவிடப் பெரிய வட்டத்தில் ஓடும். முன்னும் பின்னும் பூட்டியிருப்பதால் அந்த வித்தியாசம் ஷாஃப்டிலும் கியரிலும் முறுக்காகச் சேரும். மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும், தாரில் வழியில்லை. சாலையிலும் எப்போதும் நான்கு சக்கர இயக்கம் வேண்டும் என்றால் நடு டிஃபரன்ஷியல் உள்ள வண்டியைத் தேட வேண்டும்.

புதுசா, பழசா என்பது நான் அதிகம் யோசித்த இடம். 1948-இல் லேண்ட் ரோவர் முதலில் வந்ததே விவசாய வேலைக்கு. இந்த வகை வண்டி உழைக்கப் பிறந்தது, கீறல் விழும், நசுங்கும். அப்படியிருக்கப் புதிதாக வாங்குவானேன் என்று நண்பர்கள் கேட்டார்கள். நல்ல கேள்விதான். பார்த்த பழைய வண்டிகளை மெக்கானிக்கோடு போய் அடியில் படுத்துப் பார்த்தோம். மேலே பளபளப்பு, கீழே சேஸிஸில் வெல்டிங் தழும்பு, ஒன்றில் டிஃபரன்ஷியல் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தது. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். "சாலையில ஓடின வண்டிக்கு மீட்டரைப் பாத்தா வயசு தெரியும். இதுக்குத் தெரியாது" என்றார் அவர். லோ ரேஞ்சில் ஒரு கிலோமீட்டர் படும் பாடு மீட்டரில் தெரியாது. நம்பிக்கையான ஒருவரிடமிருந்து, பராமரித்த வரலாற்றோடு கிடைத்தால் பழையதே சிறந்தது என்று இப்போதும் சொல்வேன். எனக்கு அப்படி ஒன்று அமையவில்லை. நடுக்காட்டில் நின்றால் காத்திருக்கும் மாட்டுக்கு ஆபத்து. ஆகவே புதியதையே வாங்கினேன்: நீளம் குறைந்தது, லோ ரேஞ்சும் பின் லாக்கும் உள்ளது, சர்வீஸ் பக்கத்தில் கிடைப்பது.

விலையுயர்ந்த மேல் மாடலை எடுக்கவில்லை. அந்த வித்தியாசத் தொகையை டயர், கம்ப்ரசர், மீட்புப் பட்டை, ஒரு முறையான ஓட்டுநர் பயிற்சி ஆகியவற்றுக்கு ஒதுக்கினேன். வாங்கும் நாளில் முன்னும் பின்னும் இழுப்பதற்கான உறுதியான கொக்கி சேஸிஸில் பூட்டியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் பட்டையைக் கட்டி இழுக்கவே கூடாது. அது முறிந்து பறந்து ஆளைக் கொன்ற விபத்துகள் நடந்திருக்கின்றன. காப்பீட்டுப் பத்திரத்தில் சாலைக்கு வெளியே ஏற்படும் சேதம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வரிவரியாகப் படித்துக் கேளுங்கள். வண்டியை உயர்த்துவது, அளவு மீறிய டயர் மாட்டுவது போன்றவற்றால் வாரண்டி பாதிக்கப்படலாம். பெரிய டயர் போட்டால் ஸ்பீடோமீட்டரும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். வாங்கிய பிறகு மாதம் ஒருமுறையாவது மண்பாதையில் 4H போட்டுச் சில கிலோமீட்டர் ஓட்டுகிறேன். பயன்படுத்தாமல் விட்டால் முன்பக்க ஷாஃப்டுக்கும் கியர்களுக்கும் எண்ணெய் சுற்றாது, தேவைப்படும் நாளில் லீவர் இறுகிக்கொள்ளும்.

சமீபத்தில் உடன் பணிபுரியும் மருத்துவர் ஒருவர் இதே யோசனையோடு வந்தார். அவரையும் நோட்டில் எழுதச் சொன்னேன். அவர் பாதைகளில் ஈரக் களிமண் உண்டு, மேடு தட்டும் இடங்கள் உண்டு. செங்குத்து என்று ஒன்றே ஒன்று, அதுவும் அபூர்வமாகப் போகும் இடம். கொஞ்சம் உயரமான இரு சக்கர இயக்க வண்டியும் நல்ல டயரும் போதும் என்று சொன்னேன். அப்படியே செய்தார், சிரமமில்லாமல் ஓடுகிறது. அந்தச் சரிவுக்குப் போக வேண்டிய நாளில் என்னை அழைக்கிறார், இருவரும் சேர்ந்து போய்வருகிறோம்.